துணைத்தேற்றம் தேடி ஒரத்தநாட்டுக்கு

தஞ்சாவூருக்கு நான் கோயில் பார்க்கப் போகவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு கையெழுத்தும், ஒரு நிரூபணத்தில் விடுபட்டிருந்த பத்துப் பதினைந்து வரிகளும்தான். இரண்டுக்கும் வைரக்கண்ணு என்பவரை நம்பியிருந்தேன். அவர் இரண்டு வருடமாக என் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை.

அது எண்பதுகளின் பின்பாதி. பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். வைரக்கண்ணு சென்னையில் ஆராய்ச்சி மாணவர். ஒரு மாநாட்டில் அரை மணி நேரம் பேசியதோடு சரி. மீதி எல்லாம் மூன்று வருடக் கடிதப் போக்குவரத்து. சேர்ந்து எழுதிய கட்டுரையை ஆய்விதழ் ஏற்கும் நிலையில் இருந்தது. நான்காம் துணைத்தேற்றத்தில் ஓட்டை இருக்கிறது, அதை மட்டும் அடைத்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் ஐந்து மாதம் முட்டிப் பார்த்தேன். அடைபடவில்லை. அது அவருடைய யோசனை, அவரால்தான் முடியும். சென்னையில் விசாரித்தால், ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைத் தந்தார்கள்.

முதல் நாள் முழுக்க விடுதி அறையில் படுத்துக் கிடந்தேன். முன்தினம் சாப்பிட்ட ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் இறங்கி வந்தபோது மேசையில் இருந்தவர், "சொந்த ஊர் எதுங்கம்மா?" என்றார். பினாங்கு என்றேன். "அது சரிங்க, சொந்த ஊரு?" தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்படிக் கேட்பவர்களிடம் சேலம் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். அவருக்குத் திருப்தியாகிவிட்டது. "பசியாறணும், எங்கே நல்லா இருக்கும்?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் அது சாதாரணப் பேச்சு. அவரோ ஏதோ பழைய நாடகத்து வசனத்தைக் கேட்டதுபோலச் சிரித்தார். எதிர்க் கடையில் இரண்டு இட்லியும் ஒரு காப்பியும் சாப்பிட்டேன். எங்கள் ஊர்க் கோப்பியில் பாதி அளவுதான் டம்ளர். ஆனால் அடுத்த மூன்று நாளும் என்னைத் தூக்கி நிறுத்தியது அந்தக் காப்பிதான்.

மறுநாள் சனிக்கிழமை. ஒரத்தநாடு போகும் பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னால் வரிசையாக லாரிகள். நடத்துனர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மறியல். தண்ணி கேட்டு உக்காந்துட்டாங்க. எல்லாரும் எறங்கி நடக்கறதுன்னா நடங்க" என்றார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எரிச்சலோடு, "நாலு நாளா இதே கூத்து. ஒரு நாளைக்குத் தண்ணிக்கு, ஒரு நாளைக்குக் கூலிக்கு" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "நாத்து காயுதுய்யா, ஒனக்கென்ன?" என்றது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

புது ஆறு என்று அங்கே சொல்லும் கால்வாயின் பாலத்தை அடைத்துக்கொண்டு நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். ஒரு பக்கம் சிவப்புக் கொடி, இன்னொரு பக்கம் கரைவேட்டிக்காரர்கள் கொஞ்சம் ஒதுங்கி. ஆற்றில் மணல் தெரிந்தது. போலீஸ்காரர்கள் புளியமரத்து நிழலில் நின்று வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தார்கள். வெயிலில் எனக்குக் கண் இருட்டியது. ஓரத்தில் இருந்த பெண்களிடம் கிராமத்தின் பெயரைச் சொல்லி, வைரக்கண்ணு வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன்.

"எந்த வைரக்கண்ணு? எங்க ஊர்ல மூணு பேரு இருக்காங்க."

"சென்னையில் கணக்குப் படித்தவர்."

ஒருத்தி சேலை முந்தானையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தாள். முப்பத்தெட்டு நாற்பது வயதிருக்கும். கணுக்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க லெட்டர் போடுறவங்களா?"

"ஆமாம்."

"நான் அவன் அக்கா, அஞ்சம்மா." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "நீங்க வராம இருந்திருக்கலாம்" என்றாள். பிறகு என் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

இரண்டு மைல். நான் மூச்சு வாங்க, அவள் வாக்கியத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். கணவர் இறந்து பன்னிரண்டு வருடமாகப் பிறந்த வீட்டில் இருக்கிறாள். அவள் அப்பா ஒரு பெரிய பண்ணைக்காரரின் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்குச் செய்துவந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவர் இறந்ததும், நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லிப் பண்ணை ஆள் அனுப்பியது. குத்தகைப் பதிவேட்டில் தன் பெயரை ஏற்றச் சொல்லித் தம்பி மனுப் போட்டிருக்கிறான். வழக்கு நடக்கிறது. திங்கட்கிழமை விசாரணை.

"அதுக்கும் நான் வந்ததுக்கும் என்னம்மா?"

"அவனே சொல்லுவான்."

வீடு அரசாங்கம் கட்டிக்கொடுத்த காலனி வீடு. ஓர் அறை, ஓர் அடுப்படி. வைரக்கண்ணு என்னைப் பார்த்ததும் மகிழ்ச்சியடையவில்லை, பயந்துபோனார். நான் நினைவில் வைத்திருந்ததைவிட மெலிந்து கறுத்திருந்தார். முதலில் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மேடம், உங்கள யாரெல்லாம் பாத்தாங்க?"

"பாலத்தில் இருந்த அத்தனை பேரும்."

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். சட்டப்படி, நிலத்தில் சொந்த உடலுழைப்பைப் போடுகிறவருக்குத்தான் குத்தகைதாரர் என்ற பாதுகாப்பு. தள்ளி இருந்துகொண்டு ஆள் வைத்துப் பயிர் செய்கிறவருக்கு இல்லை. வைரக்கண்ணு சென்னையில் ஆராய்ச்சி செய்கிறார், உழவு தெரியாதவர் என்பது பண்ணைத் தரப்பு வாதம். அதனால்தான் படிப்பை விட்டுவிட்டு வந்தார். வந்த பிறகு என் கடிதம் ஒன்று சென்னையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கிராமத்தில் எப்படியோ பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்களுடைய வக்கீல் அதை ஆவணமாகத் தாக்கல் செய்திருந்தார். நான் அதில் எழுதியிருந்த ஒரு வரி: நீங்கள் வேறு எந்த வேலையும் செய்யாமல் முழுநேரமும் இந்த நிரூபணத்திலேயே இருப்பது எனக்குத் தெரியும்.

அதை நான் உற்சாகப்படுத்துவதற்காக எழுதினேன். உண்மையில் அது ஒரு வகை அதட்டல். சீக்கிரம் முடியுங்கள் என்பதை நாசூக்காகச் சொல்லும் வழி. அஞ்சம்மாள் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். "சாப்புடுங்க அக்கா. எழுதுனது எழுதியாச்சு." குழம்பு எங்கள் ஊர் மிளகாய்ச் சம்பலைவிடக் காரம். கண்ணில் நீர் வந்ததற்கு அது ஒரு காரணம்.

அன்று அவர் கட்டுரையைத் தொடவே மறுத்தார். நான் தஞ்சாவூருக்குத் திரும்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி வந்தேன். ஏன் வந்தேன் என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. அவருடைய கஷ்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு அந்தப் பதினைந்து வரிகள் வேண்டியிருந்தன.

வைரக்கண்ணு சத்துணவு ஆயாவிடம் பள்ளிக்கூடத்துச் சாவியை வாங்கிவந்தார். ஐந்தாம் வகுப்பில் கரும்பலகை நன்றாக இருந்தது. சின்னப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன்.

எங்கள் துறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தானியங்கி என்று நாங்கள் சொல்வது இரும்பாலான பொருள் அல்ல. தாளில் வரைந்த வட்டங்களும் அம்புகளும். தொலைபேசி நிலையங்கள், வங்கிக் கணினிகள் போலப் பல இயந்திரங்கள் ஒரே சமயத்தில் தனித்தனியாக ஓடுகின்றன. எப்போதாவது இரண்டு சந்தித்துத் தகவல் மாற்றிக்கொள்கின்றன. மொத்த அமைப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதை ஒரு தருக்க மொழியில் எழுதுகிறோம். அப்படித்தான் நடக்குமா என்பதைத் தானியங்கியைக் கொண்டு சோதிக்கிறோம். சிக்கல் என்னவென்றால், முழுப் படமும் எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. முதலாவதும் இரண்டாவதும் சந்திக்கும்போது, மூன்றாவதைப் பற்றி இரண்டிடமும் ஒவ்வொரு செய்தி இருக்கும். எது புதியது? செய்திகளுக்கு வரிசை எண் போட்டால் எண்கள் முடிவில்லாமல் வளரும். இயந்திரத்தின் நினைவோ அளவுள்ளது. எங்கள் துணைத்தேற்றம் கொஞ்சம் அடையாளச் சீட்டுகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றது. எந்தச் சீட்டை எப்போது திரும்ப எடுப்பது என்பதில்தான் ஓட்டை.

வைரக்கண்ணு பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். மூன்று வட்டம் போட்டார், அழித்தார். சுண்ணாம்புக்கட்டி பிடித்த விரல்களில் நகங்கள் கறுத்து வெடித்திருந்தன. நான் சொன்ன இரண்டு வழிகளையும் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். பதினொரு மணிக்கு மேல், எனக்கு முதுகைக் காட்டியபடியே பேச ஆரம்பித்தார்.

"கடைசிச் செய்திய மட்டும் வச்சிக்கிட்டாப் போதாது மேடம். அது யார் யாருக்குப் போய்ச் சேந்திருக்குன்னும் வச்சிக்கணும். ஒருத்தர்கிட்டயும் இல்லாத சீட்டுதான் காலிச் சீட்டு. அத மட்டும் எடுக்கலாம்."

"அதற்கு நினைவு எவ்வளவு வேண்டும்?"

"கூடும். ஆனா அளவோடதான் கூடும்." எழுதிக் காட்டினார். நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். பதினைந்து வரிகூட இல்லை, பதினொன்றுதான். ஐந்து மாதம் நான் தேடியது அவ்வளவு எளிதாக அங்கே நின்றது. இரண்டு வருடமாக அவர் பேனாவைத் தொடவில்லை என்று நம்புவதே கஷ்டமாக இருந்தது. "ராத்திரியெல்லாம் ஓடிக்கிட்டேதான் இருக்கும், எழுதத்தான் மாட்டேன்" என்றார்.

கட்டுரையை வெளியிடச் சம்மதம் என்று ஆய்விதழ் கேட்டிருந்த கையெழுத்துத் தாளை நீட்டியபோது பின்வாங்கினார். "எம் பேர எடுத்திருங்க. வெளிநாட்டுப் புத்தகத்துல எம் பேரு வந்தா, அதையும் கொண்டாந்து வைப்பாங்க."

என் மனதில் ஒரு கணம் ஓடியதை மறைக்க விரும்பவில்லை. பெயரை எடுத்தால் கட்டுரை என்னுடையது மட்டுமாகிவிடும். எனக்குப் பதவி உயர்வு மூன்று வருடமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

வெளியே சாலையோரக் கடையில் தேநீர் குடித்தோம். எனக்கு நாற்காலி போட்டார்கள். அவர் கடைக்கு வெளியே நின்றே குடித்தார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. நானும் எழுந்து வெளியே வந்து நின்றுகொண்டேன். அது அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது என்று பிறகுதான் புரிந்தது.

பேருந்துக்கு வரும் வழியில் அஞ்சம்மாள் நாற்றங்காலிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, நாளைக்குக் கோர்ட்டுக்கு வாங்க. அந்த லெட்டரு சும்மா எழுதுனதுன்னு நீங்களே சொல்லிருங்க."

"வேணாம்" என்றார் வைரக்கண்ணு. "அவங்க வந்து நின்னாலே போதும், நம்ம கேசு போயிரும்."

"கேசு இப்ப மட்டும் நின்னுக்கிட்டா இருக்கு?" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை தஞ்சாவூரில் அந்த வருவாய் நீதிமன்றத்துக்குப் போகத்தான் செய்தேன். எங்கள் ஊர் அலுவலகங்களில் குளிர்பதனத்தில் பல் நடுங்கும். இங்கே மின்விசிறி, இறக்கை கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் சுற்றியது. தூணோரம் இரண்டரை மணி நேரம் நின்றோம். அவர்களுக்காக வாதாட வேண்டிய விவசாயச் சங்கத்துக்காரரைச் சனிக்கிழமை மறியலில் கைது செய்துவிட்டார்களாம். பண்ணைத் தரப்பு வக்கீல் எங்களைக் கடந்துபோகும்போது தன் உதவியாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும். நமக்கு வேண்டிய சாட்சியை அவர்களே கூட்டி வந்திருக்கிறார்கள்." எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்தாரா, தெரிந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தாரா, தெரியவில்லை.

விசாரித்த துணை கலெக்டருக்குச் சளி பிடித்திருந்தது. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே, "யாரிந்த அம்மா?" என்றார். வக்கீலே அறிமுகப்படுத்தினார். கடிதம் என் கைக்கு வந்தது. என் கையெழுத்துதான்.

"இவர் முழுநேரமும் ஆராய்ச்சி செய்யறார்னு எழுதியிருக்கீங்க. தெரிஞ்சு எழுதினீங்களா?" என்றார் துணை கலெக்டர்.

"தெரியாமல் எழுதினேன். அவர் ஊருக்கு வந்துவிட்டதே எனக்குத் தெரியாது. சீக்கிரம் முடிக்கச் சொல்வதற்காக அப்படி எழுதினேன்."

"ஆனா இவர் ஆராய்ச்சி செய்யறாரா இல்லையா?" என்றார் வக்கீல்.

பொய் சொல்லியிருக்கலாம். வைரக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செய்கிறார்" என்றேன். "நேற்றுகூடச் செய்தார். எங்கள் கட்டுரையின் முக்கியமான பகுதி அவருடையது."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அது போதும். எனக்குக் கால் வலித்தது, திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

துணை கலெக்டர் வைரக்கண்ணுவைக் கூப்பிட்டார். "இந்த வருசம் என்ன நாத்து விட்டிருக்கீங்க?"

"பொன்னிங்க."

பின்னாலிருந்து அஞ்சம்மாள், "இல்லீங்க. பொன்னி போன வருசம். பூச்சி விழுந்து போச்சு. இப்ப விட்டிருக்கிறது பொன்மணி" என்றாள்.

அறையில் சிரிப்பு எழுந்தது. அதிகாரியும் சிரித்தார், உடனே தும்மினார். "எந்த மதகுத் தண்ணி பாயுது?" வைரக்கண்ணு யோசிப்பதற்குள் அவளே சொன்னாள். எந்த மதகு, எத்தனை நாளுக்கு ஒரு முறை, மேல்வயல்காரர் யார், எந்த மூலையில் களர், போன தரம் நடவுக்கு எத்தனை பெண்கள் வந்தார்கள், அவர்கள் பெயர். பண்ணையின் காரியக்காரரிடம் அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். அவர் தாளைப் புரட்டினார்.

"மனு உங்க தம்பி பேருல இருக்கும்மா. தம்பிக்கு வயலப் பத்தித் தெரியல. என்ன செய்யச் சொல்றீங்க?" பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "குத்தகைதாரரோ அவர் குடும்பத்தாரோ உழைச்சா போதும்னுதான் சட்டம்" என்றார்.

"அப்ப குடும்பத்துல நான் இல்லீங்களா?" என்றாள் அஞ்சம்மாள். "எங்க அப்பனோட பத்து வருசம் நான்தான் நட்டேன், நான்தான் களை எடுத்தேன், நான்தான் அறுத்தேன். எம் பேர எழுதுனா என்னங்க?"

வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். கட்டிக்கொடுத்த பெண் அந்தக் குடும்பத்தில் சேர மாட்டாள் என்ற மாதிரி. அதிகாரி கையமர்த்தினார். எழுத்தரைக் கூப்பிட்டு அவள் சொன்னதை முழுக்க எழுதச் சொன்னார். அவள் பெயரில் புது மனு, கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கே போய் அக்கம்பக்கத்தை விசாரித்து அறிக்கை, அதுவரை யாரும் அவளை வெளியேற்றக் கூடாது. மொத்தமும் இருபது நிமிடம். அஞ்சம்மாள் வாக்குமூலத்தின் கீழே கைநாட்டு வைக்காமல், எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

எதிர் உணவகத்தில் சாப்பிட்டோம். புடலங்காய்க் கூட்டு, தண்ணீராக ஒரு ரசம். சாப்பாடு முடிந்ததும் வைரக்கண்ணு தானாகவே கையை நீட்டித் தாளை வாங்கிக் கையெழுத்திட்டார். முகவரி என்ற இடத்தில் கிராமத்தின் பெயரை எழுதினார். முகத்தில் சந்தோஷம் இல்லை. அவருக்குக் காய்ச்சலோ என்றுகூட நினைத்தேன்.

முடிவு எனக்குத் தபாலில்தான் தெரிந்தது. அறுவடைக்குப் பிறகு பதிவேட்டில் அஞ்சம்மாள் பெயர் ஏறியது. பண்ணை மேல்முறையீடு செய்தது, அதுவும் நிற்கவில்லை. கட்டுரை இரண்டு பெயரோடும் வந்தது.

ஆனால் அன்றைய பேருந்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அவர்களை வழியனுப்ப நானும் ஊர் வரை ஏறிக்கொண்டேன். அஞ்சம்மாள் ஜன்னலோரம், நான் பக்கத்தில், வைரக்கண்ணு முன் இருக்கையில். புது ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். செம்மண் நிறத்தில், மணலைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. பேருந்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து பார்த்தார்கள். வைரக்கண்ணு மட்டும் எழவில்லை.

திரும்பாமலே சொன்னார். "ரெண்டு வருசம், அக்கா. எல்லாத்தையும் விட்டுட்டு வந்து ரெண்டு வருசம். உம் பேருல போட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

"ஆமா."

"ஒனக்குத் தோணுச்சா?"

"அப்பா செத்த பதினாறாம் நாளே தோணுச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

அஞ்சம்மாள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மனு எழுதுறப்ப நீ, மாமா, சங்கத்துக்காரரு, ஊர்க்காரங்க எல்லாம் உக்காந்திருந்தீங்க. நான் எல்லாருக்கும் டீ கொண்டாந்து குடுத்தேன். யாரும் கேக்கலையேடா."